பாட்டரிக்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும்

தோட்டத்து வீடுகளிலும், களத்துமேட்டுக் கொட்டகைகளிலும், மலையடிவாரத்துப் புன்செய்க் காடுகளிலும் சூரியத் தகடுகளைக் கொண்டு விளக்கெரித்துக் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நன்கு பரவியிருக்கிறது. காற்று வளமுள்ள சில இடங்களில் சிறு காற்றாலை ஒன்றையும் அதனுடன் சேர்த்து அமைத்துக் கொள்வோர் உண்டு. கிடைக்கும் மின்சாரத்தைப் பாட்டரியில் சேமித்து வைத்து, விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, காட்டுப்பன்றியைத் தடுக்கும் மின்வேலி முதலியவற்றுக்கு வேண்டும்போது உபயோகிப்பதே இவ்வமைப்புகளின் நோக்கமாகும். இவற்றை அமைத்துக்கொண்ட குடியானவர்களிடையே அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்றுண்டு. முதல் வருஷம் விளக்கு நன்றாய் எரிந்தது; இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் மங்கிற்று; மூன்றாம் வருஷம் பாட்டரியே பயனற்றுப் போயிற்று என்பதே அக்குறை.

இதற்குக் காரணம் கூறப் புகுவோரிற் சிலர் பாட்டரியைச் செய்தவரைக் குறை கூறுவர். சிலர் சூரியத் தகட்டைக் குறை கூறுவர். வேறு சிலர் சூரிய சக்தியே குடியானவனுக்கு உதவாத ஆடம்பரம் என்று முடிவு கட்டிவிடுவர். தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே சுவரில் மாட்டப்பட்டிருக்கும் சிறு பெட்டியை நினைப்பவர் மிகச் சிலரே. கடைகளில் 'சார்ஜ் கண்ட்ரோலர்' எனப்படும் அப்பெட்டி, பாட்டரிக்குள் செல்லும் மின்சாரத்தையும் அதிலிருந்து வெளிவரும் மின்சாரத்தையும் அடக்கி ஆளும் கட்டுப்பாட்டுக் கருவியாகும். அகால மரணமடையும் பாட்டரிகளிற் பல, அக்கருவி இல்லாமையாலோ, தகுதியற்றதாய் இருந்தமையாலோ, சரியாய் அமைக்கப்படாமையாலோதான் கெடுகின்றன. பதினாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பாட்டரி வாங்குகிறவர் அதைக் காக்கும் கருவியில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று, நஷ்டத்துக்கு வித்திடுவதேயாகும்.

ஏரியும் பாட்டரியும்

இக்கருவியின் வேலையை விளங்கிக்கொள்வதற்கு ஏரிப் பாசனத்தையறிந்த விவசாயிக்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை. ஏரிக்கு வரத்துக்கால் உண்டு; மதகு உண்டு; மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுவதற்குக் கலிங்கு உண்டு. இவை யாவும் இருந்தும், எப்போது மதகைத் திறப்பது, எப்போது அடைப்பது, எந்த மடைக்கு எவ்வளவு விடுவது என்பதைக் கவனிக்க நீர்க்கட்டி ஒருவர் வேண்டும். நீர்ப்பாய்ச்சி என்றும் மடைக்காரர் என்றும் ஊருக்கு ஊர் அவர் பெயர் வேறுபடினும் வேலை ஒன்றே. நீர்க்கட்டியில்லாத ஏரி பெருமழையில் உடையும். கோடையில் வறண்டு சேறாகும்.

பாட்டரியும் அத்தகைய ஏரியே. சூரியத் தகடும் காற்றாலையும் அதன் வரத்துக்கால்கள். விளக்கும் விசிறியும் அதன் மடைகள். கட்டுப்பாட்டுக் கருவி நீர்க்கட்டியாய் நின்று மூன்று காரியங்களைச் செய்கிறது. பாட்டரி நிரம்பியதும் வரவைக் குறைப்பது ஒன்று. பாட்டரி அபாய நிலைக்கு வற்றுமுன் செலவை நிறுத்துவது மற்றொன்று. சூரியன் மறைந்தபின் பாட்டரியில் உள்ள மின்சாரம் தகட்டின் வழியே திரும்பிக் கசிந்து போகாமல் தடுப்பது மூன்றாவது. இம்மூன்றில் எதைக் கைவிடினும் பாட்டரியின் ஆயுள் குறையும்.

இது புதிய யோசனையன்று

கட்டுப்பாட்டுக் கருவி வியாபாரிகள் பிற்காலத்தில் சேர்த்த அலங்காரம் என்று எண்ணுவோர் இதன் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். 1888-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில், சார்லஸ் பிரஷ் என்ற மின்னியல் நிபுணர் தம் வீட்டின் பின்புறத்தில் 144 இறக்கைகளையுடைய பெருங் காற்றாலையொன்றை நிறுவினார். அதன் டைனமோ 12,000 வாட்டு அளவு மின்சாரம் தரவல்லது. வீட்டின் நிலவறையில் 408 பாட்டரிக் கலங்கள் வைக்கப்பட்டிருந்தன. டைனமோ நிமிஷத்துக்கு 330 சுற்று வேகத்தை அடைந்தாலன்றி வேலையைத் தொடங்காதபடியும், எவ்வளவு வேகத்தில் சுற்றினும் 90 வோல்ட்டுக்கு மேல் ஏறாதபடியும், 75 வோல்ட்டில் தானே இணைந்து 70 வோல்ட்டில் தானே பிரியும்படியும் சாதனங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அக்காற்றாலை ஏறத்தாழ 20 வருஷ காலம் அவ்வீட்டின் பாட்டரிகளுக்கு மின்னேற்றி வந்தது. காற்றைக்கொண்டு வீட்டுக்கு மின்சாரம் சேமித்த மிகப் பழைய அமைப்புகளுள் ஒன்றாகிய அதிலேயே காவல் ஏற்பாடு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர் 1916 முதல் அமெரிக்கப் பண்ணைகளில் விற்பனையான 'டெல்கோ-லைட்' என்னும் எஞ்சின் அமைப்புகளில் 32 வோல்ட்டுப் பாட்டரியாக 16 கண்ணாடிக் கலங்கள் வைக்கப்பட்டன. மோன்டானா மாகாணத்துப் பண்ணையொன்றில் வளர்ந்த மார்சலஸ் ஜேக்கப்ஸ் என்பவர் செய்துவந்த காற்றாலைகளும் அதே 32 வோல்ட்டுப் பாட்டரிகளுக்கே மின்னேற்றின. கலங்கள் கண்ணாடியாலானவையாதலின், அமிலத்தின் மட்டத்தையும் தகடுகளின் நிலையையும் பண்ணைக்காரர் கண்ணாலேயே கண்டு எச்சரிக்கையடைய முடிந்தது. இப்போதைய பாட்டரியோ கறுப்புப் பெட்டிக்குள் மூடப்பட்டுள்ளது. உள்ளே நேரும் கேட்டைக் கண்ணாற் காண இயலாது. ஆகவே, அன்றைப் பண்ணைக்காரரைவிட இன்றைக் குடியானவருக்கே நம்பத்தக்க காவற் கருவி அதிகம் வேண்டியிருக்கிறது.

பாட்டரி எவ்விதம் கெடுகிறது

விவசாயிகள் வீட்டில் உள்ளவற்றிற் பெரும்பாலானவை ஈயமும் கந்தகாமிலமும் கொண்ட பாட்டரிகளே. 1859-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த இவ்வகைப் பாட்டரி, உருவில் எவ்வளவோ திருந்தியும், குணத்தில் மாறவில்லை. அதற்கு ஆகாதவை இரண்டு: மிதமிஞ்சிய தீனியும், நெடுநாட் பட்டினியும்.

12 வோல்ட்டுப் பாட்டரியில் ஆறு கலங்கள் உண்டு. நன்கு நிரம்பி ஓய்ந்திருக்கும்போது அது ஏறத்தாழ 12.7 வோல்ட்டுக் காட்டும். பாதி நிரம்பியிருக்கும்போது 12.2 வோல்ட்டு அளவில் நிற்கும். மின்னேற்றும் வேளையில் 14.4 வோல்ட்டு அளவுக்கு ஏற்றிச் சிறிது நேரம் அங்கு நிறுத்தி, நிரம்பிய பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்கு இறக்கிக் காப்பது பொது முறை. பாட்டரியின் வகைக்கேற்ப இவ்வளவுகள் சிறிது மாறும். நிரம்பிய பின்னும் அடக்கமின்றி மின்சாரம் ஏற்றிக்கொண்டே போனால், அமிலத்திலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியேறும், நீர்மட்டம் குறையும், தகடுகளின் சட்டங்கள் அரிக்கப்படும். காற்றோட்டமில்லாத அறையில் ஹைட்ரஜன் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும் தன்மையுடையது என்பதையும் மறத்தலாகாது.

பட்டினியின் தீமை இதனினும் மெல்ல வருவது. ஆதலின் அதிகம் ஏமாற்றுவது. பாட்டரி வற்றிய நிலையில் பல நாள் கிடந்தால், தகடுகளின் மேற்படிந்த ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுப் பின்னர் கரையாததாகிவிடும். களிமண் நிலம் காய்ந்து இறுகியபின் ஏர் ஓடாததுபோல, அத்தகடுகளில் மின்சாரம் மீண்டும் ஏறாது. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வானம் மூடியிருக்க, வீட்டில் வழக்கம்போல் விளக்கும் தொலைக்காட்சியும் நடைபெறுவதால், பாட்டரி வாரக்கணக்கில் அரைவயிற்றோடு கிடக்கிறது. மழைக்காலத்தில் மங்கும் பாட்டரி தையில் வெயில் வந்த பின்னும் தேறாமைக்குக் காரணம் இதுவே. கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால், பாட்டரி 11 முதல் 11.5 வோல்ட்டு அளவுக்கு இறங்கியதும் செலவைத் துண்டித்துவிடும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே உள்ள நீர் மீனுக்கும் மாட்டுக்கும் ஏரியில் தங்குவதுபோல, பாட்டரியின் உயிர்காக்கும் மின்சாரம் உள்ளே தங்கும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். 14.4 வோல்ட்டு என்ற அளவு 25 டிகிரி வெப்பத்துக்கு ஏற்பட்டது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் கலமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் நான்கு பங்கு குறைக்க வேண்டும். தகரக் கூரையின்கீழ் 40 டிகிரி வெப்பத்தில் கிடக்கும் 12 வோல்ட்டுப் பாட்டரிக்கு 14 வோல்ட்டே போதும் என்பது இக்கணக்கால் விளங்கும். வெப்பமறிந்து தானே குறைத்துக் கொள்ளும் கருவிகள் உண்டு. அவ்வசதியில்லாத கருவி சித்திரை வைகாசியில் நாள்தோறும் பாட்டரியை அவித்துக்கொண்டிருக்கும். வெப்பம் 10 டிகிரி உயருந்தோறும் இவ்வகைப் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. ஆகவே பாட்டரியைக் கூரைக்கடியிலன்றி, நிழலும் காற்றும் உள்ள தரைமட்டத்தில் வைப்பது செலவில்லாத சீர்திருத்தமாகும்.

இரு வகைக் கருவிகள்

கடைகளிற் கிடைக்கும் கருவிகள் இரு வகைப்படும். முதல் வகை, 'பி.டபிள்யூ.எம்.' என்ற எழுத்துக்களால் குறிக்கப்படுவது. இது தகட்டை நேரே பாட்டரியுடன் சேர்த்து, நிரம்பும் வேளையில் விநாடிக்குப் பலமுறை இணைத்தும் துண்டித்தும் வரவைக் குறைப்பது. இரண்டாம் வகை, 'எம்.பி.பி.டி.' எனப்படுவது. தகடு எந்த வோல்ட்டில் அதிக சக்தி தருமோ அவ்வோல்ட்டில் அதை வேலை வாங்கி, மிகுந்த வோல்ட்டை ஆம்பியராக மாற்றிப் பாட்டரிக்குக் கொடுப்பது இது. முதல் வகை விலை குறைந்தது. இரண்டாம் வகை விலை உயர்ந்தது.

எது தக்கது என்பது தகட்டைப் பொறுத்தது. 12 வோல்ட்டுப் பாட்டரிக்கென்றே செய்யப்பட்ட 36 கலத் தகடு ஏறத்தாழ 18 வோல்ட்டில் முழுச் சக்தியைத் தரும். தமிழ்நாட்டு வெயிலில் தகடு சூடேறும்போது அவ்வோல்ட்டு 15, 16 அளவுக்கு இறங்கிவிடுமாதலால், முதல் வகைக் கருவியில் வீணாவது அதிகமில்லை. இரண்டு மூன்று விளக்குகளும் ஒரு விசிறியும் உள்ள சிறு வீட்டுக்கு நல்ல முதல் வகைக் கருவியே போதுமானது. அதற்கு மேல் செலவிடுவது அவசியமன்று.

ஆனால் இக்காலத்தில் மலிவாய்க் கிடைப்பவை 60 கலங்களையும் அதற்கு மேலும் உடைய பெருந்தகடுகளே. 300 வாட்டுத் தகடொன்று ஏறத்தாழ 32 வோல்ட்டில் 9.4 ஆம்பியர் தருவது. அதை முதல் வகைக் கருவி வழியாக 12 வோல்ட்டுப் பாட்டரியுடன் சேர்த்தால், பாட்டரி 13 வோல்ட்டில் இருக்கும்போது, 13-ஐ 9.4-ஆல் பெருக்கியதாகிய 122 வாட்டே உள்ளே செல்லும். மீதி 178 வாட்டு கிடைக்காமற் போகும். தகட்டை மலிவாய் வாங்கிய லாபம், கருவியில் செய்த சிக்கனத்தால் பாதிக்கு மேல் பறிபோகிறது. பெருந்தகடு வாங்குகிறவர் இரண்டாம் வகைக் கருவியை வாங்கியே தீரவேண்டும்.

இதில் மோசடியும் நடைபெறுகிறது. மேலே 'எம்.பி.பி.டி.' என்று அச்சிட்டு உள்ளே முதல் வகையாகவே உள்ள மலிவுக் கருவிகள் சந்தையில் உலவுகின்றன. இவற்றை அறிய எளிய பரீட்சை ஒன்றுண்டு. பாட்டரி நிரம்பாதிருக்கும் ஒரு நடுப்பகலில், நேர்மின்சாரத்தை அளக்கவல்ல கவ்வி மீட்டர்கொண்டு, தகட்டிலிருந்து கருவிக்கு வரும் ஆம்பியரையும் கருவியிலிருந்து பாட்டரிக்குப் போகும் ஆம்பியரையும் அளந்து பார்க்க வேண்டும். பெருந்தகடு பூட்டிய உண்மையான இரண்டாம் வகையில் பாட்டரிக்குப் போகும் ஆம்பியர் வரும் ஆம்பியரைவிடத் தெளிவாய் அதிகமாயிருக்கும். இரண்டும் சமமாயிருப்பின் அச்சிட்ட பெயர் பொய்யென்று கொள்ளலாம். கருவி தாங்கும் உச்ச வோல்ட்டையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். தகடுகளைத் தொடராய் இணைத்தால் வோல்ட்டு கூடும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களின் குளிர்ந்த காலையில் அது இன்னும் உயரும். கருவியின் வரம்பைக் கடந்தால் ஒரே கணத்தில் கருவி கருகும்.

காற்றாலைக்கு வேறு முறை

சூரியத் தகட்டுக்குச் செய்த கருவியைக் காற்றாலைக்குப் பூட்டலாகாது. பாட்டரி நிரம்பியதும் தகட்டைத் துண்டித்துவிட்டால் தகடு வெயிலில் சும்மா கிடக்கும், அதற்குத் தீங்கில்லை. காற்றாலையின் தன்மை அதற்கு நேர்மாறானது. பாட்டரியே அதன் சுமை. சுமையை எடுத்துவிட்டால், நுகத்தடி அறுந்து ஓடும் காளைபோல அது கட்டின்றிச் சுழலும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அக்காற்றில் சுமையிழந்த சிறு காற்றாலையின் இறக்கை முறிந்து பறப்பதில் வியப்பில்லை. அவ்விறக்கை எங்கு போய் விழும் என்று யாரும் கூற முடியாது.

ஆதலின் காற்றாலைக்கான கட்டுப்பாட்டுக் கருவி, பாட்டரி நிரம்பியதும் மின்சாரத்தைத் துண்டியாமல், வேறொரு சுமைக்குத் திருப்பிவிடுவதாய் இருத்தல் வேண்டும். மின்தடைக் கம்பிச் சுருளோ, தண்ணீர் காய்ச்சும் கொப்பரையோ அச்சுமையாகலாம். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படியே காற்றாலைக்கு இத்திருப்புச் சுமை. காற்றாலையின் முழுச் சக்தியையும் தாங்கும் அளவுடையதாய் அது இருக்க வேண்டும். சிறு கலிங்கு பெருவெள்ளத்துக்குதவாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரேயும், செங்கோட்டைப் பக்கத்திலும், ஆரல்வாய்மொழிப் பக்கத்திலும் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றை நம்பிச் சிறு காற்றாலை அமைப்போர், இறக்கையின் நீளத்தை விசாரிப்பதற்கு முன் இச்சுமையை விசாரிப்பது நல்லது.

கருவியை ஒதுக்கி விடும் வழக்கம்

கருவி நல்லதாயிருந்தும் பயனற்றுப் போகும் வீடுகள் பல. இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கையில் கருவி செலவைத் துண்டித்துவிடுகிறது. வீட்டாருக்குக் கோபம் வருகிறது. மறுநாள் உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் வந்து கருவியை விலக்கி நேரே பாட்டரியிலிருந்து விளக்குக்குக் கம்பி இழுத்துக் கொடுத்துவிடுகிறார். அன்றிரவு தொலைக்காட்சி ஓடுகிறது. வீட்டார் அவரைப் புகழ்கின்றனர். சில மாதங்களில் பாட்டரி மாள்கிறது. விலக்கப்பட்ட கருவியை அப்போது நினைப்பார் இல்லை. கருவி துண்டிப்பது கருவியின் குற்றமன்று. வரவுக்கு மேல் செலவு நடக்கிறது என்று அது செய்யும் எச்சரிக்கை. மீட்டும் மீட்டும் துண்டித்தால், தகட்டைக் கூட்டவேண்டும், அல்லது செலவைக் குறைக்கவேண்டும். நீர்க்கட்டியை விரட்டிவிட்டால் ஏரியில் நீர் பெருகுமென்று எந்தக் குடியானவரும் எண்ணமாட்டார்.

மின்வேலி விஷயத்தில் இதன் விளைவு பண நஷ்டத்தோடு நிற்பதில்லை. முறையான சூரிய மின்வேலியின் கருவி, ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை, மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் அதிர்ச்சியைத் தருவது. அது விலங்கை விரட்டுமேயன்றிக் கொல்லாது. அதன் உயிர் 12 வோல்ட்டுப் பாட்டரி. பாட்டரி மடிந்தால் வேலி வெறுங்கம்பி. கடலையும் மக்காச்சோளமும் அறுவடைக்கு நிற்கும் வேளையில் வேலி செத்துப்போக, இரண்டு இரவுகளில் பன்றிகள் காட்டை உழுதுவிட, மனமுடைந்த சிலர் கிணற்று மோட்டாருக்கு வரும் மின்சாரத்தையே கம்பியில் கொக்கியிட்டு விடுகின்றனர். அது விலங்கையும் கொல்லும். விடியற்காலையில் வரப்பில் நடந்து வரும் மனிதரையும் கொல்லும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளிக்கருகில் சட்டவிரோதமான மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டதை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. விதிகள் அவசியமே; எனினும், முறையான வேலி அறுவடை முடியும்வரை உயிரோடிருந்தால்தான் முறையற்ற வேலியின் ஆசை எழாதிருக்கும். அவ்வுயிரைக் காப்பது, சட்டத்துக்கு அடுத்தபடி, பாட்டரியைக் காக்கும் கருவியே.

ஆட்சேபங்கள்

இவ்வபிப்பிராயத்துக்கு மறுப்பாகக் கூறப்படுபவை சில உள. மிகச் சிறிய தகட்டுக்கு இக்கருவி வேண்டாமே என்பது ஒன்று. பாட்டரியின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு ஆம்பியருக்கும் குறைவாகத் தரும் தகடு பாட்டரியை மிகையாய் நிரப்பிக் கெடுப்பது அரிது என்பது உண்மையே. ஆயினும் இரவுக் கசிவைத் தடுக்கும் டயோடு அதற்கும் வேண்டும். வற்றும்போது துண்டிக்கும் காவலும் வேண்டும். மேலும், சிறு தகட்டோடு தொடங்கியவர் அடுத்த வருஷம் பெருந்தகடு சேர்ப்பதே உலக வழக்கம்.

புதிதாய் வந்துள்ள லித்தியம் பாட்டரிக்கு உள்ளேயே காவல் அமைப்பு இருப்பதால் வெளிக்கருவி வீண் என்பது மற்றொன்று. இது தவறு. உள்ளே இருப்பது கலங்களைச் சமப்படுத்தி, அபாயம் நேரும்போது இறுதியாய்த் துண்டிக்கும் அமைப்பு. நாள்தோறும் அளவறிந்து மின்னேற்றும் வேலை வெளிக்கருவியினுடையதே. இரும்புப் பாஸ்பேட்டு வகை லித்தியம் பாட்டரியில் கலமொன்று 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது; நான்கு கலம் கொண்டதற்கு 14.6 வோல்ட்டு எல்லை. ஈயப் பாட்டரிக்கென்று கருவியில் வைத்த சமன்மின்னேற்றம் 15 வோல்ட்டையும் கடப்பதுண்டாதலால், பாட்டரியை மாற்றுகிறவர் கருவியின் அமைப்பையும் மாற்றியாக வேண்டும். பழைய கருவியில் லித்தியத்துக்குரிய அமைப்பு இல்லையாயின் கருவியையே மாற்ற வேண்டும்.

செய்யத்தக்கவை

விவசாயிகள் வாங்கும்போதே கேட்டறிய வேண்டியவை நான்கு: கருவி எவ்வகையைச் சேர்ந்தது, எத்தனை வோல்ட்டும் எத்தனை ஆம்பியரும் தாங்கும், தம் பாட்டரியின் வகைக்கேற்ப அதை அமைக்கக்கூடுமா, வெப்பத்துக்கேற்ப அது தன்னைத் திருத்திக்கொள்ளுமா என்பவை. விற்பவர் இவற்றுக்கு விடை சொல்லாவிடில் வேறு கடையை நாடுவதே தகும். பூட்டும்போது முதலில் பாட்டரியையும் பின்னர் தகட்டையும் கருவியுடன் இணைக்க வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலிலும் பாட்டரியைப் பின்னும் விலக்க வேண்டும். பாட்டரிக்கருகில் தக்க அளவுள்ள பியூஸ் ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். நீர் ஊற்றும் வகைப் பாட்டரிக்கு மாதமொருமுறை நீர்மட்டம் பார்த்து, வாலை நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீர் ஆகாது. ஒரே மாதத்தில் நீர் மிகுதியாய்க் குறைந்தால் கருவி மிகையாய் ஏற்றுகிறதென்று சந்தேகிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் இதில் தனிக் கடமை உண்டு. சூரியத் தெருவிளக்கும், ஊராட்சிக் கட்டிடத்து விளக்கும் பூட்டி முடிந்தபின் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவோர் இவர்களே. கம்பத்தையும் தகட்டையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுவதே பெரும்பாலும் வழக்கமாய் இருக்கிறது. இனிமேல் கருவியின் வகை, அதன் அளவு, அது பாட்டரிக்கேற்ப அமைக்கப்பட்ட வோல்ட்டு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதாமல் எந்த அமைப்பையும் ஒப்புக்கொள்ளாதிருத்தல் வேண்டும். அணைந்துபோன விளக்குக்குப் புதுப் பாட்டரி கோரும் மனு வரும்போது, பழைய பாட்டரியைக் கெடுத்தது யாது என்று கருவியைச் சோதித்த குறிப்பு அம்மனுவோடு இருத்தல் வேண்டும். கெட்ட கருவியின்கீழ் வைக்கும் புதுப் பாட்டரியும் பழையதன் வழியே போகும். பொதுப்பணம் இருமுறை செலவாகும்.

சூரியன் கட்டணம் கேட்பதில்லை. காற்றும் வரி கேட்பதில்லை. அவை தருவதைச் சேமித்து வைக்கும் பாட்டரிதான் விலை கேட்கிறது. அவ்விலையை மூன்று வருஷத்துக்கொருமுறை கொடுப்பதா, எட்டுப் பத்து வருஷத்துக்கொருமுறை கொடுப்பதா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் சுவரில் மாட்டிய அச்சிறு பெட்டியே முதன்மையானது. ஏரிக்கு நீர்க்கட்டியைத் தேர்ந்தெடுப்பதில் முன்னோர் காட்டிய கவனத்தில் ஒரு பங்கை இப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டினால், விவசாயிகளின் வீட்டு விளக்கு கார்த்திகை மாதத்து மழையிருளிலும் மங்காது எரியும்.